மழைக்காலத்துச் சர்க்கரைப்பாகையும் காணொளியில் காட்டலாமா?

கேள்வி: குலசேகரம் தேன்பெட்டி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தை அடுத்துள்ள ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேன் எடுத்து வருகிறது. எடுத்த தேனில் பெரும்பகுதியை அப்பா மார்த்தாண்டத்து மொத்த வியாபாரிகளுக்கே கொடுத்து வந்தார். அவர்கள் தரும் விலைக்கும் கடையில் பாட்டில் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்த பிறகு, ஒரு பகுதியையாவது நேரடியாக விற்கலாம் என்று இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் கணக்குத் தொடங்கி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்பி வருகிறேன். விற்பனை மோசமில்லை. ஆனால் தேனைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் இந்தப் பெண்ணிடம் கேட்கலாம் என்று நாலு பேர் நினைக்கும் நிலை வரவேண்டும் என்பதே என் விருப்பம். ஆர்டர் அதற்குப் பிறகு தானாக வரும் என்று நம்புகிறேன்.

இதற்காக நாகர்கோவிலில் சமூக ஊடக ஆலோசனை வழங்கும் ஒருவரைச் சந்தித்தேன். பேச்சிப்பாறை அணைக்கு மேலே ஒரு குடிசையைப் பார்த்து வைத்து, ஒரு பாட்டியை உட்கார வைத்து, பரம்பரை பரம்பரையாகக் காட்டில் தேன் எடுக்கும் குடும்பம் என்று கதை சொல்லுங்கள், மக்கள் இப்போது உண்மையான வாழ்க்கையைத்தான் பார்க்க விரும்புகிறார்கள் என்றார். எங்கள் வீடு ஓட்டு வீடுகூட இல்லை, கான்கிரீட் வீடு. எங்கள் பாட்டி பீடி சுற்றியவரே தவிர தேன் எடுத்தவர் இல்லை. எங்கள் தேன் ரப்பர்த் தேன், காட்டுத்தேன் அல்ல. பொய்யான ஒரு குடிசையை உண்மையான வாழ்க்கை என்ற பெயரில் எப்படிக் காட்டுவது என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார்.

நான் செய்யும் காணொளிகள் எளிமையானவை. அடையைத் தூக்கிக் காட்டி, ராணி ஈ எங்கே இருக்கிறது, எந்த அடையில் புழு, எந்த அடையில் தேன் என்று சொல்வேன். இவற்றைப் பார்ப்பவர்கள் குறைவு. ஒருமுறை தேன்பெட்டிக்கு அருகில் திரைப்பாடலுக்கு நடந்து வருவது போல ஒரு ரீல்ஸ் போட்டதற்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு பார்வைகள் வந்தன. ஆனால் அதைப் பார்த்து ஒருவரும் தேன் கேட்கவில்லை.

என்னை உண்மையில் குழப்புவது வேறொன்று. தேனீ வளர்ப்பவர்களுக்குத் தெரியும், ஜூன் தொடங்கி மழை பிடித்துவிட்டால் ஈக்களுக்கு வெளியே உணவு கிடைக்காது. பெட்டி காலியாகிவிடாமல் இருக்கச் சர்க்கரைப்பாகு கரைத்து வைப்போம். அது ஈக்களின் தீவனம். அந்தக் காலத்தில் தேன் எடுப்பதும் இல்லை. இதை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன், வெளியிடவில்லை. உள்ளதை உள்ளபடி காட்டுவதுதான் நம்பிக்கையைத் தரும் என்றால் இதையும் காட்ட வேண்டும். காட்டினால் சர்க்கரை ஊற்றித்தான் தேன் தயாரிக்கிறார்கள் என்று ஒரே நாளில் பெயர் கெட்டுவிடும். காட்டாமல் விடுவது மறைப்பதாகுமா? இதோடு, அப்பா கேமரா முன்னால் வரவே மாட்டேன் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: பழைய பெட்டிக்காரர், அருமனை

மகளே, பாகு கொடுப்பதைக் காட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் (Thai sacbrood) என்னும் வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீக் கூட்டங்களை அழித்தபோது, நம் மாவட்டத்தில் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அதிலிருந்து இந்தத் தொழில் மீண்டு வந்ததே பெரிய காரியம். இன்று ஒருவர் கைப்பேசியில் பத்து வினாடிப் படத்தை வெட்டி, "மார்த்தாண்டம் தேனின் ரகசியம் பாருங்கள்" என்று எழுதி அனுப்பிவிட்டால், பாதிப்பு உங்களோடு நிற்காது. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் தேனையும் யாரும் வாங்கமாட்டார்கள்.

நேர்மை என்பது விற்கும் பொருளில் இருந்தால் போதும். சமையற்கட்டில் நடப்பதையெல்லாம் இலை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் விளக்குவதில்லை. அடையைக் காட்டுங்கள், பிழிவதைக் காட்டுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மறுமொழி: வடசேரி பட்டறை

சகோதரிக்கு வணக்கம். நான் வடசேரியில் கோயில் நகை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். பரதநாட்டியக் கலைஞர்கள் அணியும் நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ஒட்டியாணம் ஆகியவற்றை வெள்ளியில் அடித்து, அரக்கு நிரப்பி, கெம்புக்கல் பதித்து, தங்க ரேக்கு என்னும் மெல்லிய தகடு ஒட்டிச் செய்வது எங்கள் வேலை. இதே தோற்றத்தில் செம்பிலும் பித்தளையிலும் அச்சடித்து முலாம் பூசிய நகைகள் மிகக் குறைந்த விலையில் இணையத்தில் கிடைக்கின்றன. ஆகவே உங்களுக்குத் தேனில் இருக்கும் சிக்கல் எங்களுக்கு நகையில் இருக்கிறது: பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

என் பக்கத்தில் என் முகம் அநேகமாக வருவதில்லை. கைகளும் கருவிகளும் குரலும் மட்டுமே வரும். ஆரம்பத்தில் முகம் இல்லாமல் எப்படிப் பெயர் வரும் என்று பலரும் கேட்டார்கள். இப்போது நடன ஆசிரியைகள் தொலைபேசியில் அழைத்து, "கல் பதிக்கும் கை உங்களுடையதுதானே" என்று கேட்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு விருப்பம் இல்லையென்றால் அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கட்டாயத்தின் பேரில் உட்கார்ந்தவரின் இறுக்கம் படத்தில் அப்படியே தெரியும். அடையைத் தூக்கும் அவருடைய கை வந்தால் போதும். எத்தனை ஆண்டு அனுபவம் என்பதை அந்தக் கையே காட்டிவிடும்.

பெரியவர் சொன்னதில் ஒரு பகுதியை ஏற்கிறேன், ஒரு பகுதியை ஏற்க முடியவில்லை. தொழிலில் எல்லாவற்றையும் காட்ட வேண்டியதில்லை. எங்கள் அரக்கில் என்ன விகிதம் சேர்க்கிறோம் என்று நான் சொன்னதில்லை, சொல்லப்போவதும் இல்லை. ஆனால் வாங்குபவர் பொருளை மதிப்பிடத் தேவையான எதையும் மறைப்பதில்லை என்று ஒரு வரையறை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நகையையும் திருப்பி அதன் பின்பக்கத்தைக் காட்டுவேன். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாகப் படம் எடுக்கலாம். வெள்ளியா செம்பா, கையால் பதித்ததா அச்சா என்பது பின்பக்கத்தில்தான் தெரியும். முன்பு எங்களிடம் பின்பக்கம் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை. இப்போது மற்ற விற்பனையாளர்களிடமும் அதைக் கேட்கிறார்கள் என்று வாடிக்கையாளர்களே சொல்கிறார்கள்.

உங்கள் பாகு விஷயம் இந்த இரண்டில் எந்தப் பக்கம் விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அது அரக்கு விகிதம் போன்ற தொழில் நுணுக்கம் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. வாங்குபவர் என்றாவது ஒருநாள் வேறு யார் மூலமாகவோ அறிந்துகொண்டு, "இதை நீங்கள் சொல்லவே இல்லையே" என்று கேட்கக்கூடிய விஷயம் அது. அப்படிக் கேட்கப்படும்போது தரும் விளக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும் சாக்குப்போக்காகத்தான் ஒலிக்கும். அதே விளக்கத்தை முன்கூட்டியே நீங்களாகச் சொன்னால் அது பாடமாக இருக்கும்.

அந்த ஆலோசகரைப் பற்றி ஒரு வார்த்தை. குடிசையும் பாட்டியும் வேண்டும் என்பவர்களுக்கு நம் ஊரின் மெய்யான வரலாறு தெரியாது. மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்புப் பரவியது 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் தலைமையில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்புப் பணியின் வழியாக. விவசாயிகள் பயிற்சி பெற்று, மரப்பெட்டியில் ஈ வளர்த்து, கூட்டாக விற்ற கதை அது. கான்கிரீட் வீட்டு மாடியில் நின்றுகொண்டே அதைச் சொல்லலாம்.

மறுமொழி: ஒளிப்பதிவு, நாகர்கோவில்

நான் சிறு வணிகர்களின் பக்கங்களுக்குக் காணொளி எடுத்துத் தொகுத்துக் கொடுப்பவன். தோவாளைப் பூச்சந்தை வியாபாரி முதல் குளத்து வேலை செய்யும் ஒப்பந்தக்காரர் வரை பலருடன் வேலை செய்ததில் கண்டது ஒன்று: இயல்பாக இருக்கிறேன் என்று காட்டிக்கொள்வதற்கும் இப்போது ஒரு வார்ப்பு வந்துவிட்டது. கேமராவைச் சற்று ஆட்டுவது, தலையைக் கலைத்துக்கொண்டு வருவது, கண்ணீருடன் பேசுவது, "மக்கா" என்று வரிக்கு வரி சேர்த்து நம் பேச்சை மிகைப்படுத்துவது எல்லாம் அந்த வார்ப்பின் பகுதிகள். பார்ப்பவர்கள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். குறிப்பாக நம்முடையது சிறிய மாவட்டம். உங்கள் காணொளியைப் பார்ப்பவர்களில் உங்கள் தெருவைக் கடந்து போகிறவர்களும், உங்கள் அப்பாவோடு பள்ளியில் படித்தவர்களும் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் கருத்துப் பகுதியில் வந்து "இது அவர்கள் வீடே இல்லையே" என்று எழுதிவிட்டால் எந்தக் குடிசையும் நிற்காது.

பார்வை எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். பாட்டு ரீல்ஸைப் பார்த்தவர்கள் பாட்டைப் பார்த்தார்கள். அவர்கள் உங்களுக்கு உரியவர்கள் அல்லர். மேலும் இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்காக மாற்றிக்கொண்டால் பெரும்பாலான திரைப்பாடல்களைப் பயன்படுத்த முடியாது, ஏனெனில் அந்தப் பாடல்களுக்கான உரிமம் விற்பனை நோக்கத்தை உள்ளடக்கியதல்ல. பெட்டியைத் திறக்கும்போது எழும் ஈக்களின் ரீங்காரத்தைவிட நல்ல ஒலி உங்களுக்கு எதற்கு?

எண்களில் நீங்கள் கவனிக்க வேண்டியவை, ஒருவர் எத்தனை வினாடி நின்று பார்த்தார் என்பதும், எத்தனை பேர் அதை இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்பதும்தான். தேன் தொடர்பாக ஒருவர் மற்றவருக்கு எதை அனுப்புவார் என்று யோசியுங்கள். "பாட்டிலில் தேன் உறைந்துவிட்டது, சர்க்கரை கலந்திருப்பார்களோ" என்று ஒரு வீட்டில் பேச்சு வரும்போதுதான் உங்கள் காணொளி தேவைப்படும். தேனில் உள்ள குளுக்கோஸ் படிகமாகப் பிரிவதே உறைதல், பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும், அடுப்பில் காய்ச்சக் கூடாது என்று உறைந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். அதுபோல ரப்பர்த் தேன் எங்கிருந்து வருகிறது என்பதே பலருக்குத் தெரியாது. மரம் இலை உதிர்த்துத் தளிர்விடும்போது, மூன்று சிற்றிலைகளும் சேரும் காம்பு நுனியில் உள்ள சுரப்பிகளிலிருந்து ஈக்கள் மதுவை எடுக்கின்றன, பூவிலிருந்து அல்ல என்று அருகில் வைத்துப் படம் எடுத்தால், குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களே வியப்பார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விடுவது, தீக்குச்சியைத் தேனில் நனைத்து உரசுவது, நாய்க்கு வைத்துப் பார்ப்பது போன்ற சோதனைகள் நிறையப் பார்வைகளைக் கொண்டுவரும். இன்று கலப்படத்துக்குப் பயன்படும் பாகு வகைகளை அவற்றால் கண்டுபிடிக்க முடியாது. அதை அறிந்துகொண்டே உங்கள் தேனை அந்தச் சோதனையில் வெற்றிபெறச் செய்வது, நீங்கள் கட்ட நினைக்கும் பெயருக்கே எதிரானது. மாறாக, இவை ஏன் பயன்படாது என்று ஒரு காணொளி போடலாம்.

இனி சர்க்கரைப்பாகுக்கு வருகிறேன். பெரியவர் சொன்ன ஆபத்து மெய்யானது. வெட்டி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கான பதில் தொகுப்பிலேயே இருக்கிறது. பாகு கொடுப்பதைத் தனிக் காணொளியாகப் போடாதீர்கள். ஒரே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் பெரிய எழுத்தில் எண் எழுதி, அந்தப் பெட்டியின் ஓர் ஆண்டு வாழ்க்கையைத் தொடராக எடுங்கள். தென்மேற்குப் பருவமழையில் பாகு வைப்பது, வடகிழக்குப் பருவமழை முடியும்வரை கூட்டத்தைக் காப்பது, தளிர் வரும் முன்பு பாகை நிறுத்துவது, ஈக்கள் தேனைச் சேர்க்கும் தேன் அறையைப் பெட்டியின் மேலே ஏற்றுவது, ஈக்கள் மூடி முத்திரையிட்ட அடையை மட்டும் எடுத்துப் பிழிவது என்று அதே எண் கொண்ட பெட்டி தொடர்ந்து வரவேண்டும். பாகு வரும் ஒவ்வொரு காட்சியிலும், படத்தின் நடுவில், "மழைக்காலத் தீவனம். இந்தப் பெட்டியில் இப்போது தேன் எடுப்பதில்லை" என்ற வரியைப் படத்தோடு படமாகப் பதித்துவிடுங்கள். கீழே விளக்கப் பகுதியில் எழுதினால் வெட்டுகிறவர் அதை விட்டுவிடுவார். படத்தில் பதிந்ததை வெட்டினால் காட்சியே இருக்காது. இரண்டு வினாடித் துண்டை எடுத்தாலும் அந்த வரி கூடவே போகும்.

தொடர் முடிந்ததும் முதல் பகுதி, பாகுப் பகுதி, பிழியும் பகுதி ஆகிய மூன்றையும் உங்கள் பக்கத்தின் உச்சியில் நிலைநிறுத்தி வையுங்கள். இன்ஸ்டாகிராமில் மூன்று பதிவுகள்வரை அவ்வாறு வைக்கலாம். புதிதாக வருகிறவர் முதலில் அவற்றையே பார்ப்பார். நாளுக்கு மூன்று ரீல்ஸ் போட வேண்டும் என்பதையெல்லாம் மறந்துவிடுங்கள். தேன் நிறையக் கிடைக்கும் மாதங்களில் எடுக்க முடிந்த அளவு எடுத்துச் சேமித்து, மழை மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டால் போதும்.

மறுமொழி: தக்கலை வழக்கறிஞர்

விவாதம் நல்ல முறையில் செல்கிறது. சட்டம் தொடர்பாகச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்; ஏனெனில் உள்ளதைச் சொல்வது இங்கே நற்பண்பாக மட்டும் நிற்பதில்லை.

ரப்பர்த் தேனைக் காட்டுத்தேன் என்று காணொளியில் சொல்லி விற்றால் அது தவறான விளம்பரம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதிக்கலாம். தயாரிப்பவருக்கு மட்டுமன்றி, பொருளைப் பரிந்துரைத்துப் பேசுபவருக்கும் இது பொருந்தும். அந்த ஆலோசகர் கேட்ட பாட்டி யாராக இருந்தாலும் அவரையும் சேர்த்தே சிக்கலில் மாட்டியிருப்பார்கள்.

தேன் விற்பவர்கள் மிக எளிதாகத் தவறும் இடம் மருத்துவக் கூற்று. தேன் நீரிழிவைக் குணப்படுத்தும், புற்றுநோயைப் போக்கும் என்ற வகைப் பேச்சுகள் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர மருத்துவ விளம்பரத் தடைச் சட்டத்தின் கீழ் வரும். வாடிக்கையாளர் ஒருவர் அப்படி எழுதி அனுப்பியதை நீங்கள் ஸ்டோரியில் பகிர்ந்தாலும் அது உங்கள் விளம்பரமாகவே கொள்ளப்பட வாய்ப்புண்டு. மாறாக, தேனிலும் இருப்பது சர்க்கரைதான், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்று விற்பவரே சொன்னால் பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இன்னொன்று, நம் ஊர்களில் பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் சேனை வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகளால் பொட்டுலிசம் என்னும் ஆபத்தான நோய் வரலாம் என்பது மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. இதை ஒரு தேன் வியாபாரி தம் வாயால் சொல்வதைவிட நம்பிக்கை தரும் பேச்சு வேறு இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் முதல் காணொளியாகவே இதை வைக்கலாம்.

மார்த்தாண்டம் தேனுக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோரும் அறிந்ததே. அந்தக் குறியீட்டைப் பாட்டிலிலோ பக்கத்திலோ போட விரும்பினால், சென்னையில் உள்ள பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் எடுத்த தேன் என்பதனால் மட்டும் அந்த உரிமை தானாக வந்துவிடாது. உணவுப் பாதுகாப்புத் துறை தரும் 14 இலக்க எண் பாட்டில் சீட்டில் தெளிவாக இருக்கட்டும். யாராவது ஒரு பிரபலமான பக்கத்துக்காரருக்கு இலவசமாகத் தேன் அனுப்பி அவர் பாராட்டிப் பேசினால், இலவசமாகப் பெற்றதை அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பணம் கொடுத்தால்தான் விளம்பரம் என்று பலர் நினைக்கிறார்கள், பொருள் கொடுப்பதும் அதில் அடங்கும்.

மறுமொழி: கருங்கல்காரன், மஸ்கட்

நான் விற்பவன் அல்லன், வாங்குபவன். ஓமானில் வேலை பார்க்கும் நம் மாவட்டத்துக்காரர்கள் பலரும் ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ மனைவிக்கோ பொருள் அனுப்பும்போது இப்படிப்பட்ட பக்கங்களைத்தான் நம்பி இருக்கிறோம். கடையில் போய்த் தொட்டுப் பார்க்க எங்களால் முடியாது. ஆகவே யார் கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்பதைத்தான் பார்ப்போம். ஒருவர் "தேன் ஏன் இந்த முறை கறுப்பாக இருக்கிறது" என்று கேட்டால், பக்கத்துக்காரர் அந்தக் கருத்தை அழித்துவிடுகிறாரா, எந்த மாதம் எந்த இடத்தில் எடுத்தது என்று விளக்குகிறாரா என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். அருமையான படங்களும் பின்னணி இசையும் உள்ள ஒரு பக்கத்தில் கேள்விகளுக்கு ஒரு பதிலும் இல்லாததைப் பார்த்து விலகியிருக்கிறேன்.

பேச்சைப் பற்றி ஒளிப்பதிவாளர் சொன்னதை வழிமொழிகிறேன். சென்னைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளவும் வேண்டாம், நம் பேச்சை வேடிக்கையாக்கவும் வேண்டாம். வீட்டில் பேசுவது போலப் பேசினால் இங்கே அறையில் நாலு பேர் சேர்ந்து கேட்போம்.

மறுமொழி: குலசேகரம் தேன்பெட்டி

ஐயாவுக்கும் அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. வடசேரி அண்ணன் சொன்ன அளவுகோலை வைத்து யோசித்ததில் எனக்குத் தெளிவு கிடைத்தது. வாங்குபவர் பிறகு அறிந்து "சொல்லவே இல்லையே" என்று கேட்கக்கூடியதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கடன், அப்பாவின் உடல்நிலை போன்றவை அந்த வரையறைக்குள் வராது என்பதால் அவற்றைக் காட்டப்போவதில்லை. அவற்றைக் காட்டினால்தான் மனம் தொடும் என்று அந்த ஆலோசகர் சொல்லியிருந்தார்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்ற காணொளியை முதலில் எடுக்கிறேன். அதன் பிறகு ஒரு பெட்டியின் ஓர் ஆண்டுத் தொடர். கருங்கல் அண்ணன் சொன்ன பிறகு, இனிப் பாட்டில் சீட்டில் எடுத்த மாதத்தையும் தோட்டம் இருக்கும் ஊரையும் அச்சிடுவதாக முடிவு செய்திருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் நிறம் மாறும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுவேன். அப்பாவிடம் கையை மட்டும் எடுக்கிறேன் என்று சொன்னதற்கு, "கைக்கு என்ன குறை, எடுத்துக்கொள்" என்று சம்மதித்துவிட்டார்.

அருமனை ஐயா, உங்கள் அச்சம் எனக்கும் இருக்கிறது. பாகுப் பகுதியை வெளியிடும் முன்பு உங்களுக்கு அனுப்புகிறேன். உங்களுக்கு உறுத்தும் காட்சி எதுவோ அதைச் சொல்லுங்கள்.

ஒளிப்பதிவு அண்ணனிடம் ஒரு கேள்வி: முகவலை அணிந்துகொண்டு பேசும்போது குரல் தெளிவாக வரவில்லை, காற்றும் இரைகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி: ஒளிப்பதிவு, நாகர்கோவில்

சட்டையில் குத்தும் சிறிய கம்பியில்லா மைக் வாங்கிக்கொள்ளுங்கள். அதை முகவலைக்கு உள்ளே, கழுத்துக்கருகில் குத்துங்கள். காற்று இரைச்சலுக்கு அதன் மேல் மாட்டும் ரோம உறை கூடவே வரும். கைப்பேசியின் ஒலியை நம்ப வேண்டாம்.

மறுமொழி: பழைய பெட்டிக்காரர், அருமனை

அனுப்பு மகளே, பார்க்கிறேன். என் கருத்து இன்னும் முழுமையாக மாறவில்லை. ஆனால் படத்திலேயே எழுத்தைப் பதிப்பது நல்ல யோசனைதான்.

அந்த ரோம உறை கறுப்பு நிறத்தில் வந்தால் பெட்டிக்கு அருகில் கொண்டு போகாதே. கறுப்பும் ரோமமும் சேர்ந்து கண்டால் ஈக்களுக்குச் சினம் வரும், நேராக அதில்தான் வந்து கொட்டும். வெளிர் நிறத்தில் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்கு, கிடைக்காவிட்டால் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்.